உள்ளூர் அருங்காட்சியகத்துக்குத் துணைநிற்பது எப்படி: உறுப்பினராக, தன்னார்வலராக, கொடையாளராக விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர் வரலாற்றில் அக்கறை கொண்ட ஒருவர் அருங்காட்சியகத்துக்கு உதவ முன்வரும்போது, பெரும்பாலும் பரணிலிருந்து இறக்கிய ஒரு மூட்டையோடுதான் வந்து நிற்கிறார். மூட்டையில் இருப்பவை மதிப்புள்ளவையாகவே இருக்கும். ஆனால் அவை யாருடையவை, எந்த ஊரில் எதற்குப் பயன்பட்டவை என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் வீட்டிலேயே இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடம், செல்லோடேப் ஒட்டிய புகைப்படம், ஒருவர் பெயரும் எழுதப்படாத குழுப்படம் என, நல்ல மனத்தோடு கொடுக்கப்பட்டும் பாதிப் பயனை இழந்துவிட்ட பொருள்கள் அருங்காட்சியகக் கிடங்குகளில் ஏராளமாக இருக்கின்றன.

முதலில் பார்ப்பது, பிறகு சேர்வது, பிறகு உழைப்பது, அதன் பின்னரே பொருளும் பணமும் கொடுப்பது என்ற வரிசையையே நான் பரிந்துரைக்கிறேன். அங்கே சில மாதம் பழகியவருக்கு எந்தப் பொருள் தேவை, எந்தச் செலவுக்குப் பணம் இல்லை என்பது தானாகவே விளங்கிவிடும். பழகாமல் கொடுப்பவர், தம் வீட்டில் மிகுந்திருப்பதைக் கொடுக்கிறாரே தவிர அங்கே குறைந்திருப்பதைக் கொடுப்பதில்லை. கீழே உள்ளவை தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. சட்டம் பற்றிய பகுதிகள் இந்தியா முழுமைக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், மென்மையான பென்சில், தையல்காரர் பயன்படுத்தும் துணி அளவு நாடா, படம் எடுக்கக்கூடிய கைப்பேசி, அடையாள அட்டையின் நகல், பான் எண் ஆகியவை போதும். பேனா வேண்டாம்; பொருளின் மேல் தவறிப் பட்ட மை போகாது. இரும்பு அளவு நாடாவும் வேண்டாம். அதன் விளிம்பு உலோகத்திலும் அரக்குப் பூச்சிலும் கீறல் போடும்.

இவற்றைவிட முக்கியமானது நேரம். மாதத்தில் இரண்டு அரைநாள் தவறாமல் வருபவரை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க முடியும். ஆர்வம் மேலிட்டு ஒரு வாரம் முழுக்க வந்துவிட்டு மறைந்துபோகிறவரின் அரைகுறைப் பதிவுகளைச் சரிசெய்யவே இன்னொருவர் தேவைப்படுகிறார்.

1. அருங்காட்சியகம் யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று அறியுங்கள்

எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நிர்வாகமே முடிவு செய்கிறது. புதுக்கோட்டை, வேலூர், சேலம் போன்ற ஊர்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்கள், எழும்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் வருகின்றன. கீழடி போன்ற இடங்களில் உள்ளவை மாநிலத் தொல்லியல் துறையைச் சேர்ந்தவை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவை மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பு நடத்துகிறது. இவை தவிர, அறக்கட்டளைகளும், பதிவு பெற்ற சங்கங்களும், கல்லூரிகளும், கோயில்களும் நடத்தும் சிறிய காட்சிக்கூடங்கள் பல ஊர்களில் உண்டு.

அரசு அருங்காட்சியகத்தில் உறுப்பினர் சந்தா கட்டி வாக்குரிமை பெறலாம் என்று எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றத்தோடு திரும்புவார். அங்கே பொருளாகவும் உழைப்பாகவும் உதவுவதே எளிது; பணமாகக் கொடுப்பதற்குத் துறையின் அனுமதியும் முறையான ரசீதும் வேண்டும். அறக்கட்டளையில் பணம் கொடுப்பது எளிது, ஆனால் முடிவுகளை எடுப்பவர்கள் அறங்காவலர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கமாக இருந்தால், உறுப்பினருக்குப் பொதுக்குழுவில் அமரவும் வரவுசெலவைக் கேட்கவும் உரிமை இருக்கும். நீங்கள் எதிர்பார்ப்பது முடிவுகளில் பங்கேற்பதா, உதவியாக இருப்பது மட்டுமா என்று தெளிந்துகொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. பார்வையாளராக இருமுறை செல்லுங்கள்

முதல் முறை பொருள்களைப் பாருங்கள். இரண்டாம் முறை பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் நிலையைப் பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத பெட்டிகள் எத்தனை, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, துணியும் தாளும் சன்னல் வெயிலில் இருக்கின்றனவா, உங்கள் ஊர்ப் பகுதியின் தொழில்களில் எது விடுபட்டிருக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள்.

அதன் பிறகு, அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் நேரம் கேட்டுச் சந்தியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவே பேச முயல வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: சேகரிப்பில் எது குறைவாக இருக்கிறது, எந்த வேலைக்கு ஆள் இல்லை, எந்தச் செலவுக்கு நிதி ஒதுக்கீடு கிடைப்பதில்லை. புதியவர்கள் இந்தச் சந்திப்பிலேயே காட்சி அமைப்பில் உள்ள குறைகளைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் குறைகளோடுதான் காப்பாட்சியர் தினமும் வேலை செய்கிறார். குறையைச் சுட்டும் உரிமை, கூட நின்று வேலை செய்த பிறகு தானாக வரும்.

3. உறுப்பினராகச் சேருங்கள்

உறுப்பினர் முறை உள்ள இடமாக இருந்தால், முதலில் ஓராண்டு உறுப்பினராகச் சேர்வது நல்லது. ஆயுள் உறுப்பினர் கட்டணத்தை ஒரே முறையில் வாங்கிச் செலவழித்துவிட்டு, பின்னர் ஆண்டு வருமானம் இல்லாமல் தவிக்கும் சிறிய அமைப்புகள் உண்டு. ஆண்டுதோறும் தவறாமல் வரும் சந்தாவை நம்பித்தான் அவர்கள் காவலரின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் திட்டமிட முடிகிறது.

படிவத்தை நிரப்பும் முன் அமைப்பின் விதிமுறைகளையும் கடைசி ஆண்டறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்டத் தயங்கும் அமைப்பில் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேர்ந்த பின் பொதுக்குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். குறைந்தபட்ச வருகை இல்லாமல் கூட்டம் தள்ளிப்போவது சிறிய சங்கங்களில் வழக்கமான தொல்லை. அங்கே போய் அமர்ந்திருப்பதே ஒரு உதவி.

4. தன்னார்வப் பணியைச் சிறிய வேலையிலிருந்து தொடங்குங்கள்

வழிகாட்டியாக நின்று பார்வையாளர்களுக்கு விளக்க வேண்டும் என்றே எல்லோரும் விரும்புகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு அவசரமாகத் தேவைப்படுவதோ பதிவேட்டு வேலை. வந்த பொருள்களைக் குறித்துவைக்கும் வரவுப் பதிவேட்டில் சரியாக ஏறாத பொருள் திருட்டுப் போனால் அது தங்களுடையது என்று நிறுவக்கூட வழியில்லை என்பதால், இந்த வேலையையே முதலில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். “பழைய மரக்கால் – 1” என்று ஒரு பதிவு இருக்கிறது என்று கொள்வோம். கிடங்கில் நான்கு மரக்கால்கள் இருந்தால் இது எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பொருளை இப்படி எழுதலாம்: “நெல் அளக்கும் மரக்கால். மரத்தாலானது, வாயிலும் அடியிலும் இரும்புப் பட்டை. மேல்பட்டையில் முத்திரை தேய்ந்த நிலையில் உள்ளது. அடிப்பலகையில் விரல்நீள விரிசல். களத்துமேட்டில் அறுவடைக் கூலி அளக்கப் பயன்பட்டது. சொன்னவர் கொடையாளரின் தாயார்.” இதோடு உயரம், வாய் விட்டம், எடை, நான்கு பக்கப் படங்கள், பதிவு செய்த நாள், பதிந்தவர் பெயர் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். விரிசலையும் தேய்மானத்தையும் எழுதுவதற்குக் காரணம், அது வரும்போதே இருந்ததா, இங்கே வந்த பின் ஏற்பட்டதா என்ற கேள்வி பிறகு எழும் என்பதே. பயன்பாட்டைச் சொன்னவர் யார் என்று எழுதாவிட்டால், அந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு, அந்த ஆண்டில் வந்த தொகுதியின் வரிசை, தொகுதிக்குள் பொருளின் வரிசை என்று எண் கொடுப்பது பரவலான முறை. 2024.15.3 என்றால் 2024இல் வந்த பதினைந்தாவது கொடையின் மூன்றாவது பொருள். எண்ணை ஒட்டுச்சீட்டில் எழுதி ஒட்டக் கூடாது; பசை காய்ந்து சீட்டு உதிரும், கறை மட்டும் நிற்கும். உலோகத்திலும் மட்பாண்டத்திலும் கண்ணில் படாத ஓரிடத்தில் பாரலாய்டு பி-72 என்ற கரைத்து நீக்கக்கூடிய பூச்சைத் தடவி, காய்ந்த பின் அதன்மேல் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுப்பார்கள். துணிக்குப் பருத்தி நாடாவில் எண்ணை எழுதித் தளர்வாகத் தைப்பார்கள். தாளுக்கும் புகைப்படத்துக்கும் பின்புற ஓரத்தில் மென்பென்சில். இவற்றைப் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கையுறை பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. உலோகத்தையும் புகைப்படத்தையும் தொடும்போது கையுறை அவசியம், ஏனெனில் வியர்வையின் உப்பு ரேகையாகப் பதிந்துவிடும். ஓலைக்கும் பழைய தாளுக்கும் கழுவித் துடைத்த வெறுங்கையே ஏற்றது. கையுறை போட்ட விரலுக்கு ஓரத்தின் நொறுங்கும் தன்மை தெரியாமல் தாள் கிழிந்துவிடும்.

இரண்டாவதாகக் கேட்டு வாங்க வேண்டிய வேலை, பூச்சியும் ஈரமும் பார்ப்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது கிடங்கின் மூலைகளையும், அலமாரிகளின் பின்புறத்தையும், சுவரோடு ஒட்டிய பெட்டிகளின் அடிப்பகுதியையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மண்கோடு தென்பட்டால் கரையான். தாளில் சுரண்டியது போன்ற ஒழுங்கற்ற தேய்வு இருந்தால் ராமபாணப்பூச்சி. மரத்தின் கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரப்பதமானியின் அளவை நாளும் நேரமும் குறித்து எழுதிவைப்பது சிறிய வேலையாகத் தோன்றினாலும், ஈரம் உறிஞ்சும் கருவி வாங்க நிதி கேட்கும்போது அந்தப் பதிவே ஆதாரமாகிறது.

மூன்றாவது, பெரியவர்களின் வாய்மொழிப் பதிவு. செல்வதற்கு முன்பே எதைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்று தெரிவித்து, பதிவை யார் கேட்கலாம், எங்கே வைக்கப்படும் என்பதை எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியைத் துணி விரித்த பலகையில் வைத்து, தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். “அந்தக் காலம் பொற்காலம்தானே ஐயா?” என்பது போல விடையை உள்ளே வைத்துக் கேட்க வேண்டாம்; “அறுவடை அன்று காலையிலிருந்து என்னென்ன நடக்கும்?” என்று கேட்டால் அவரே காலத்துக்குள் போய்விடுவார். எழுத்தாக்கும்போது வட்டார வழக்கைத் திருத்தி ஏட்டுத் தமிழாக்குவது பெரும் இழப்பு. சொன்னது சொன்னபடியே எழுதப்பட வேண்டும்.

இவற்றில் பழகிய பின் பார்வையாளர்களுக்கு விளக்கும் பணிக்குப் போங்கள். மே 18, அனைத்துலக அருங்காட்சியக நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த நாள்களில் பள்ளிப் பிள்ளைகள் திரளாக வருவார்கள், ஆள் தேவைப்படும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிக் காப்பாட்சியரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். சுவைக்காகச் சேர்த்துச் சொன்ன ஒரு கதை ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனத்தில் வரலாறாகத் தங்கிவிடுகிறது.

5. பொருள் கொடுக்க விரும்பினால், எதையும் துலக்காமல் தொடங்குங்கள்

கொடைப்பொருளுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி, கொடுப்பதற்கு முந்தைய நாள் வீட்டு முற்றத்தில் நேர்கிறது. புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதையும் தொடாதீர்கள். பழங்காசின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலத்தை அமிலம் கரைக்கும்போது எழுத்தின் விளிம்பும் சேர்ந்து கரைகிறது. செப்பேடு வளையத்தோடும் முத்திரையோடும் இருந்தால் வளையத்தை அறுக்கவோ ஏடுகளைப் பிரிக்கவோ கூடாது. முழுமையாக இருக்கும்போதுதான் அதன் நம்பகத்தன்மை நிலைக்கிறது.

ஓலைச்சுவடியின் கயிறு இற்றிருந்தால், ஓலைகள் இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் படம் எடுத்த பிறகே நகர்த்துங்கள். எண்ணெய் பூச வேண்டாம்; புல்தைலம் இடுவது சுவடிக் காப்பில் வழங்கும் முறையே என்றாலும், எந்த ஓலைக்கு எவ்வளவு என்பது அறிந்தவர் கையில்தான் அது மருந்து. முதல் ஓலையும் கடைசி ஓலையும் உடைந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். எழுதியவர் பெயர், ஊர், நாள் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். சட்டத்தின் பின்னட்டையில் உள்ள ஸ்டூடியோ முத்திரை காலத்தைக் கணிக்க உதவும். தாள்களுக்கு லேமினேஷன் செய்வதைப் போன்ற திரும்பப் பெற முடியாத தவறு வேறில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள். துருவேறிய ஜெம் கிளிப்பைக் கழற்ற முயன்று தாளைக் கிழிக்காமல் அப்படியே கொடுங்கள். பளபளப்பான பிவிசி உறை காலப்போக்கில் அமிலத்தை வெளியிட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றிக் கொண்டுசெல்வதே எளிய, பாதுகாப்பான வழி. செய்தித்தாளில் சுற்ற வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய உண்மையான வேலை, கதையைச் சேர்ப்பது. வயதானவர்களோடு உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு வாக்கில், படம் எடுத்தவர் யார் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதுங்கள். குழுப்படமாக இருந்தால் அதை நகலெடுத்து, நகலின் மேல் எண் இட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுவது வசதி. உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக் குறியுங்கள். இந்தத் தாள் இல்லாமல் பொருளைக் கொடுப்பதைவிட, பொருளைச் சில வாரம் தள்ளிக் கொடுப்பது மேல்.

எதைக் கொடுப்பது என்பதிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மி, ஆட்டுக்கல், தையல் எந்திரம், வால்வு ரேடியோ ஆகியவை பெரும்பாலான காட்சிக்கூடங்களில் தேவைக்கு மேல் இருக்கின்றன. அருங்காட்சியகங்கள் ஏங்கித் தேடுபவை தாள்கள்: மளிகைக்கடைப் பேரேடு, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பள்ளி வருகைப் பதிவேடு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூலி அட்டை, சத்திரத்தின் செலவுக் கணக்கு. ஊரில் அன்று என்ன விலை விற்றது, யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள், எந்தத் தொழில் எப்போது நின்றது என்பதை இவைதான் சொல்லும். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதும் இவற்றைத்தான்.

தர மனமில்லாத படங்களையும் ஆவணங்களையும் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துக்கொள்ள அனுமதித்து அசலைத் திரும்பப் பெறலாம். புகைப்படத்துக்கு 600 டிபிஐ அளவில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அச்சுக்கும் ஆய்வுக்கும் பயன்படாது.

6. கொடுக்கும் முன் சட்டத்தைச் சரிபாருங்கள்

நிலத்தை உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ கிடைத்த பொருளை நீங்களாகக் கொடையளிக்க முடியாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக இது நடக்கும். உடனே தெரிவிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பொருள் கிடந்த ஆழமும் அதனோடு கிடந்தவையும் கலைவதற்கு முன் பதிவாகும்.

பரம்பரையாக வீட்டில் இருப்பவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் பொருந்தும். நூறாண்டு கடந்த பொருளும், வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ கொண்டு எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடியும் ஆவணமும் தொல்பொருளாகக் கருதப்படும். சிற்பம், ஓவியம், படங்கள் வரையப்பட்ட சுவடி போன்ற அறிவிக்கை செய்யப்பட்ட வகைகளைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும். உரிமை கைமாறும்போதும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

யானைத் தந்தம், மான்கொம்பு, பதப்படுத்திய விலங்கு ஆகியவை பழைய வீடுகளில் இருப்பதுண்டு. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இவற்றை வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிக்கல் என்பதால், அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் வனத்துறையை அணுகுங்கள். வாள், துப்பாக்கி போன்றவற்றுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பற்றிக் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளியுங்கள்.

குடும்பச் சொத்து என்றால் உடன்பிறந்தவர்கள் அனைவரிடமும் இசைவுக் கடிதம் வாங்குங்கள். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் வந்து திருப்பிக் கேட்கும் வழக்குகள் அருங்காட்சியகத்தையும் குடும்பத்தையும் ஒருசேர வருத்துகின்றன.

7. கொடைக்கடிதம் இல்லாமல் ஒப்படைக்காதீர்கள்

அசையும் பொருளைக் கொடையாகத் தருவதற்கு ஒப்படைத்தலே போதும், பத்திரப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் எழுத்து வேண்டும். பொருள்களின் பட்டியல், அவற்றின் நிலை, கொடையா இரவலா என்பது, நாள், இருதரப்புக் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கட்டும். இரவல் என்றால் திரும்பப் பெறும் நாள் குறிக்கப்பட வேண்டும். காலவரையறை இல்லாத இரவல் பொருளுக்குச் செலவு செய்து பழுது நீக்க எந்த அருங்காட்சியகமும் தயங்கும்.

“எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்” என்ற நிபந்தனையே கொடையாளர்கள் மிகுதியாகக் கேட்பது. அதை விட்டுவிடுங்கள். துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது. அந்த வெளிச்சத்திலும் தொடர்ந்து இருந்தால் சாயமும் மையும் வெளுக்கும் என்பதால், சில மாதம் காட்சியிலும் நெடுங்காலம் இருட்டிலும் வைப்பதே காப்புமுறை. கிடங்கில் இருப்பதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். அதேபோல, வந்தவுடன் பொருளைத் தனியறையில் சில நாள் ஒதுக்கிவைத்தால், மற்றவற்றுக்குப் பூச்சி பரவாமல் தடுக்கவே அப்படிச் செய்கிறார்கள்.

நீங்கள் வற்புறுத்த வேண்டிய நிபந்தனைகள் வேறு. அருங்காட்சியகம் மூடப்பட்டால் பொருள் எங்கே போகும், சேகரிப்பிலிருந்து நீக்க நேர்ந்தால் யாருக்குத் தெரிவிப்பார்கள் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். புகைப்படமும் கடிதமும் கொடுக்கும்போது, பொருளின் உரிமை மாறினாலும் பதிப்புரிமை தானாக மாறுவதில்லை. நூலில் அச்சிடவும் இணையத்தில் இடவும் அனுமதிக்கிறீர்களா என்பதைத் தனி வரியாகக் குறிப்பிடுங்கள். பதிவெண்ணோடு கூடிய ஏற்புக் கடிதம் கையில் வரும்வரை வேலை முடியவில்லை.

8. பணத்தை எந்தச் செலவுக்கும் பயன்படும்படி கொடுங்கள்

கொடையாளர் பெயர் பொறித்த கண்ணாடிப் பெட்டி வாங்க ஆள் கிடைக்கிறார். இரவுக் காவலரின் சம்பளத்துக்கும், கரையான் மருந்துக்கும், கூரை ஒழுக்கை அடைப்பதற்கும் கிடைப்பதில்லை. ஆகவே, நிபந்தனையற்ற சிறு தொகையை மாதந்தோறும் வங்கி வழியாகத் தானாகச் செல்லும்படி ஏற்பாடு செய்வது, ஒரு முறை தரும் பெருந்தொகையைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பிட்ட பணிக்கே கொடுக்க விரும்பினால், காப்பாட்சியரோடு பேசி மதிப்பீடு வாங்கி, மீதம் வந்தால் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

வரிச்சலுகை வேண்டுமானால், 80ஜி என்று வழக்கில் உள்ள அங்கீகாரம் அந்த அமைப்புக்கு இன்றும் செல்லுபடியாகிறதா என்று முதலில் கேளுங்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டிருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய ரசீதில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். 80ஜி முறையில் ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்த தொகைக்குச் சலுகை இல்லை, பொருளாகத் தந்த கொடைக்கும் இல்லை; புதிய வரிமுறையில் (இது புதிய சட்டத்தைக் குறிப்பதல்ல, வரி கணக்கிடும் இரு முறைகளில் ஒன்று) வரி கட்டுபவர்களுக்கும் கிடையாது. ரசீதோடு, வருமான வரித்துறை இணையதளம் வழியாக அமைப்பு எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். ரசீதில் பெயரும் பான் எண்ணும் பிழையின்றி இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் பெரிய நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில், சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க பணிகளில் மரபு, கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் இடம்பெற்றிருக்கிறது. விண்ணப்பத்தை எழுதத் தெரிந்த ஆள் இல்லாததாலேயே சிறிய அருங்காட்சியகங்கள் இந்த நிதியை எட்ட முடியாமல் இருக்கின்றன. அதை எழுதிக் கொடுப்பதே பெரிய கொடை.

அரசு அருங்காட்சியகத்தில் யாரிடமும் கையில் பணம் கொடுக்காதீர்கள். அது நல்ல ஊழியரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடும்.

9. வெளிநாட்டிலிருந்து உதவுவோர் கவனிக்க வேண்டியது

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அவர் பணத்தைப் பெற, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைப்பு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்ற அமைப்புகளும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இதற்கென உள்ள கணக்கில்தான் பெற முடியும். ஊரில் உள்ள உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் மூலம் கொடுக்கச் செய்வது அமைப்பின் அனுமதிக்கே ஆபத்தாகலாம்.

பணம் அனுப்ப வழியில்லாதபோது அங்கிருந்தே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. வருடிய கையெழுத்து ஆவணங்களைத் தட்டச்சு செய்வது, பதிவேட்டை அட்டவணையாக்குவது, உங்கள் குடும்பத்தார் புலம்பெயர்ந்த காலத்துக் கடிதங்களை வருடி அனுப்புவது போன்றவற்றுக்கு எந்த அனுமதியும் தேவைப்படாது.

10. கொடுத்த பின் தொடர்பை விடாதீர்கள்

கொடைக்கடிதம், ஏற்புக் கடிதம், ரசீது, பொருளின் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சென்று, பதிவெண்ணைச் சொல்லிப் பொருளைப் பார்க்கக் கேளுங்கள். கேட்டவுடன் எடுத்துக் காட்ட முடிந்தால் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். முடியாவிட்டால் தேடும் பணியில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

கொடுத்த பொருளைப் பற்றிப் பின்னர் ஏதேனும் தெரியவந்தால், படத்தில் அடையாளம் தெரியாமல் இருந்தவரின் பெயர் நினைவுக்கு வந்தால், அதையும் பதிவெண்ணைக் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். கொடையாளரைக் கேட்டுத் தெளிய வேண்டிய தேவை எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்பதால், வீடு மாறும்போது புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் காப்பாட்சியர் அலுவலகத்துக்குக் கடிதமாகவே கொடுத்து, உங்கள் பெயருக்குரிய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.